ஏற்காட்டு ஏரிக்கு ஒரு மதிப்புரை

புதிய நூல் வெளிவந்தால் மதிப்புரை எழுதுகிறோம். திரைப்படம் வந்தாலும் எழுதுகிறோம். ஆனால் விடுமுறை வந்தவுடன் நாம் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படும் மலை ஏரிகளுக்கும் அவற்றின் பூங்காக்களுக்கும் யாரும் மதிப்புரை எழுதுவதில்லை. "நல்ல இடம், குளுகுளுவென்று இருக்கும், ஒருமுறை போய் வரலாம்" என்பதோடு நம் விமரிசனம் முடிந்துவிடுகிறது.

பூங்காவும் ஒரு நூலைப் போன்றதுதான். அது எதையோ சொல்கிறது. எதையோ சொல்லாமல் விடுகிறது. படிப்பவர் சரியாகப் படிக்கிறாரா என்பதும் ஒரு கேள்வி. சேலத்துக்கு அருகே சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டை எடுத்துக்கொண்டு இவற்றை ஆராய்வோம்.

முதல் அத்தியாயம்: மலைப்பாதை

நூலின் தொடக்கம் மிக நன்றாக இருக்கிறது. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏரிக்கரையில் இறங்கும்போது நாம் 1,400 மீட்டர் அளவுக்கு வந்துவிடுகிறோம். சேலத்தில் 36 டிகிரி வெயிலில் பேருந்து ஏறியவர் அங்கே 28 டிகிரியில் இறங்கலாம்.

"மேலே போகப்போகச் சூரியனுக்கு அருகில் போகிறோமே, வெப்பம் கூட அல்லவா வேண்டும்?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதில் ஒரு கிலோமீட்டர் குறைந்து என்ன ஆகப்போகிறது? காற்றைப் பெரும்பாலும் சூடாக்குவது சூரியக் கதிர் நேராக அன்று. கதிரை வாங்கிச் சூடேறிய தரைதான். தரையில் சூடான காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவு. அது விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழிக்கிறது, குளிர்கிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி குறையும்.

இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஏரிக்கரையில் தண்ணீர் குடித்துவிட்டுக் காலிப் பாட்டிலை இறுக மூடிக்கொண்டு சேலத்துக்கு இறங்குங்கள். பாட்டில் நசுங்கியிருக்கும். உள்ளே இருப்பது மலைக்காற்று; வெளியே அழுத்துவது சமவெளிக் காற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எட்டில் ஒரு பங்கு. பாட்டிலை வீசி எறியாமல் வீடு கொண்டுவர இது ஒரு நல்ல காரணமும் ஆகும்.

இரண்டாம் அத்தியாயம்: வேகாத பருப்பு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 14 பேருடன் ஏற்காடு சென்றேன். பகலில் ஏரியில் படகு விட்டோம். இரவில், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள நாகலூர்ப் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்கினோம். பக்கத்தில் ஓர் ஓடை. சமையல் மாணவர்கள் பொறுப்பு.

சாம்பாருக்குப் போட்ட துவரம்பருப்பு வேகவேயில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டார் என்று ஒருவன் குற்றம் சாட்டினான். குற்றவாளி கடைக்காரர் அல்லர், வளிமண்டலம். 1,400 மீட்டர் உயரத்தில் நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. நீர் விரைவில் ஆவியாகும், அவ்வளவுதான். குக்கர் கொண்டுபோயிருந்தால் சிக்கல் இல்லை.

இன்னொரு தவறும் செய்தோம். காற்று அடிக்காத இடமாக இருக்கட்டும் என்று பள்ளத்தில் கூடாரம் போட்டோம். மேகமற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவில் நீர் வழிவதுபோல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடிவதற்குள் கூடாரத் துணி நனைந்து சொட்டியது. சற்று மேலே சரிவில் போட்டிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்போம். முகாமிடுவோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் தவறுதான் பெரியது. காலையில் அரைப்பானைச் சோறும் வேகாத சாம்பாரும் மீதி இருந்தன. "மீன்களுக்கு ஆகட்டும்" என்று மாணவர்கள் ஓடையில் கொட்டினார்கள். சோப்புத்தூள் போட்டுப் பாத்திரங்களையும் அங்கேயே கழுவினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தவறாகத் தோன்றவில்லை.

தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் நின்றார். "சார், அந்தத் தண்ணியத்தான் கீழ நாங்க எடுக்கிறோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு அன்று பதில் வரவில்லை. கணக்கைப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

ஒரு கிலோ சோற்றின் கணக்கு

ஒரு கிலோ சோற்றில் பெரும்பகுதி நீர். மாவுச்சத்து சுமார் 280 கிராம் இருக்கும். நீரில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. ஒரு கிராம் மாவுச்சத்து முழுதும் சிதைய ஏறக்குறைய 1.2 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆக, ஒரு கிலோ சோற்றுக்கு 330 கிராம்.

ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கும்? மலைநீர் குளிர்ந்தது, ஆகவே நிறைய இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும் என்பது உண்மையே. ஆனால் காற்றழுத்தம் குறைந்தால் கரைவதும் குறையும் என்பது ஹென்றியின் விதி. சேலத்தில் 28 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். ஏற்காட்டில் 22 டிகிரி நீரிலும் ஏறத்தாழ அதே 7.5 மில்லிகிராம்தான். குளிர்ச்சி கொடுத்த இலாபத்தை உயரம் பறித்துக்கொள்கிறது. "மலைத் தண்ணீர் எதையும் தாங்கும்" என்ற நம் நம்பிக்கைக்கு இங்கே அடிப்படை இல்லை.

இனி வகுத்துப் பாருங்கள். 330 கிராமை 7.5 மில்லிகிராமால் வகுத்தால் 44 ஆயிரம் லிட்டர் வருகிறது. 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் கிட்டத்தட்ட நான்கு! அவ்வளவு நீரின் ஆக்சிஜனையும் ஒரு கிலோ சோறு விழுங்கிவிடக்கூடும். காற்றிலிருந்து புதிய ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் இந்த அளவு மோசமாகாது. எனினும் முழுதும் தீரும்வரை மீன்கள் காத்திருக்கப் போவதில்லை. மீன்வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது வேண்டும் என்பது நம் நாட்டு நீர்த்தர அளவு. மீனுக்கு விருந்து என்று நாம் போட்டது மீனின் மூச்சையே பறிப்பதாக ஆகலாம்.

சோப்புத்தூள், சாக்கடை ஆகியவற்றின் கதை சற்று வேறு. அவற்றில் உள்ள பாஸ்பரஸ், நைட்ரஜன் உப்புகள் பாசிக்கு உரமாகின்றன. பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பாசி மிகுந்த குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

பாடநூல் ஏரியும் நம் ஏரியும்

இங்கே என் தொழிலையும் சேர்த்து விமரிசிக்க வேண்டியிருக்கிறது. நம் இயற்பியல் பாடத்தில் ஏரி என்றால் உறைந்த ஏரிதான். நீரின் அடர்த்தி 4 டிகிரியில் மிகுதி, ஆகவே மேலே பனிக்கட்டி மிதந்தாலும் அடியில் மீன் பிழைக்கும் என்று ஒவ்வொரு மாணவனும் ஒப்பிப்பான். நானும் ஆண்டுதோறும் அதற்கு மதிப்பெண் போடுகிறேன். ஆனால் நம் ஊர்க் குளத்து மீன் ஏன் விடியற்காலையில் செத்து மிதக்கிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

அதே அட்டவணையைச் சற்றுக் கீழே படித்தால் நம் ஏரியும் கிடைக்கும். நீர் 4 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு ஏறும்போது லிட்டருக்கு 0.2 கிராம்தான் இலேசாகிறது. 20 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு ஏறும்போதோ 1.2 கிராம் குறைகிறது, ஆறு மடங்கு. எனவே நம் நாட்டு ஏரிகளில் பகல் வெயிலால் மேல்நீர் சிறிது சூடானாலே அது மேலேயே மிதந்து நின்றுவிடும். அடிநீருடன் எளிதில் கலவாது. அடியில் படிந்த கழிவு அங்குள்ள ஆக்சிஜனைத் தின்னும். மேலிருந்து புதிய ஆக்சிஜன் கீழே போகாது. படகிலிருந்து பார்ப்பவருக்கு ஏரி அழகாகவே தெரியும்.

நீர் எங்கே போகிறது?

நூலின் கடைசி அத்தியாயத்தைப் பலர் தனி நூலாக நினைத்துவிடுகின்றனர். அதுதான் கிளியூர் அருவி. ஏரி நிரம்பி வழியும் நீரே அங்கே சுமார் 90 மீட்டர் கீழே விழுகிறது. விழும் நீரின் நிலையாற்றல் வெப்பமாக மாறினால், அடியில் நீர் 0.2 டிகிரி கூடுதல் சூடாக இருக்க வேண்டும். 1845ஆம் ஆண்டில் ஆங்கில அறிவியலறிஞர் ஜூல், நயாகரா அருவிக்கு இத்தகைய கணக்கைப் போட்டுக் காட்டினார். நம் அருவியிலும் போட்டுப் பார்க்கலாம். ஆவியாதல் குறுக்கிடும் என்பதால் அளந்து காட்டுவதுதான் கடினம்.

அருவி நீரில் காற்றைக் கலந்து ஆக்சிஜனைக் கூட்டும். ஆனால் நோய்க்கிருமியையோ பாஸ்பரசையோ அது வடிகட்டித் தராது. ஏரியில் போட்டது பள்ளத்தாக்குக்கும் போகிறது. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. மலை தனித்தீவு அன்று.

ஊட்டியைப் பாருங்கள். கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளுக்கு அணை போட்டு அந்த ஏரியை அமைத்தார். அன்றைய ஏரியின் ஒரு பகுதி பின்னாளில் பேருந்து நிலையமாகவும் குதிரைப் பந்தய மைதானமாகவும் ஆக்கப்பட்டது. நகரின் கழிவும் கோடப்பமந்து கால்வாய் வழியே நெடுங்காலம் ஏரிக்குள் வந்து சேர்ந்தது. ஏற்காட்டை "ஏழைகளின் ஊட்டி" என்று வழிகாட்டி நூல்கள் பெருமையாகக் குறிப்பிடுகின்றன. இந்த வகையிலும் அது ஊட்டியாகிவிட வேண்டாம்.

குறையும் நிறையும்

நிறையை மறைப்பது மதிப்புரைக்கு அழகன்று. குறைந்த செலவில் சமவெளி மக்கள் ஒருநாள் குளிர்காற்றுப் பெறுவதும், தண்ணீரில் படகு விட்டு மகிழ்வதும் நல்லவையே. பிள்ளைகள் முதன்முதலில் மேகத்துக்குள் நடக்கும் இடம் அது. மகிழ்ச்சியைக் குறை சொல்ல நான் வரவில்லை.

குறை இதுதான். நான் பார்த்த மலை ஏரிப் பூங்காக்கள் பலவற்றில் படகுக் கட்டணம் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஏரியின் ஆழம் என்ன, நீர் எந்தச் சரிவிலிருந்து வருகிறது, வழிந்து எங்கே போகிறது, அதை யார் குடிக்கிறார்கள் என்று சொல்லும் பலகை என் கண்ணில் படவில்லை. ஏரி + காடு = ஏற்காடு என்று பெயர்க்காரணம் சொல்லும் நூல்களும், காடு இல்லாவிட்டால் ஏரிக்கு நீர் ஏது என்ற அடுத்த வரியை எழுதுவதில்லை. கல்விச் சுற்றுலா செல்லும் ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குவதோடு சரி. அதில் கல்வி என்ற சொல் எதற்கு?

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. ஒரு பலகையும் ஒரு வெப்பமானியும் போதும், தொடங்குவதற்கு. மாணவர்கள் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகிலிருந்து இறக்கலாம். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. இத்தாலிய வானியலறிஞர் ஆஞ்சலோ செக்கி 1865இல் கையாண்ட முறை இது; இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஒரு கல்லூரி ஆண்டுக்கு ஒருமுறை அளந்து குறித்து வைத்தால்கூடப் பத்து ஆண்டுகளில் ஏரியின் உடல்நிலை அறிக்கை கிடைத்துவிடும்.

முகாமிடுவோர் பாத்திரத்தை நீர்க்கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிக் கழுவி, கழுவிய நீரை மண்ணில் பரவலாக ஊற்ற வேண்டும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிறது. ஓடையில் அது அளந்துதான் கிடைக்கும். மீந்த சோற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவது இன்னும் நல்லது.

அதற்குப் பின் நாங்கள் இருமுறை நாகலூர் போய் வந்துவிட்டோம். குக்கர் கொண்டுபோகிறோம், பருப்பு வேகிறது. கூடாரம் சரிவில் நிற்கிறது. வெள்ளைத் தட்டும் கயிறும் மூட்டையில் இருக்கின்றன. அரிசியை மட்டும் முன்னைவிட அளந்து போடுகிறோம்.