அழிந்ததா, படிக்க முடியவில்லையா?

வீட்டு வானொலி பாடவில்லை என்றால் வானொலி நிலையமே இடிந்துவிட்டது என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. முதலில் மின்கலத்தைப் பார்க்கிறோம். பிறகு ஏரியலைத் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் பழைய கணிப்பொறி ஒன்று தன் நெகிழ்வட்டைப் படிக்க மறுத்தால் மட்டும், "வட்டு கெட்டுவிட்டது, ஃபார்மட் போடுங்கள்" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. இத்தீர்ப்பு சரிதானா என்பதை இயற்பியல் துணைகொண்டு சற்று ஆராய்வோம்.

குமராட்சியில் பணி நிறைவு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் ஒரு பிபிசி மைக்ரோ கணிப்பொறியும், அதன் வட்டியக்கியும், ஐந்தேகால் அங்குல வட்டுகள் பன்னிரண்டும் இருந்தன. ஒரு பள்ளி கழித்துவிட்ட பொருள்களை ஏலத்தில் எடுத்தபோது கிடைத்த பொறி அது. "தம்பி, பிள்ளைகளுக்காக நான் எழுதிய பாடமெல்லாம் இதில்தான் இருக்கிறது" என்றார். அந்தப் பொறியில் ஓர் எழுத்துக்குக் குறுக்கே 8, நெடுக்கே 8, ஆக 64 புள்ளிகளே உண்டு. அதற்குள் 'ழ'வின் வாலை அடக்க அவர் பட்ட பாட்டைக் கேட்கக் கேட்க வியப்பாக இருந்தது. பொறியை இயக்கினால் திரையில் வந்ததோ 'டிஸ்க் ஃபால்ட் 18' என்ற வரி மட்டுமே. எனக்கு முன்பே அதைப் பார்த்த பழுதுபார்ப்பவர் ஒருவர் இரண்டு வட்டுகளை ஃபார்மட் செய்து, "பாருங்கள் ஐயா, இப்போது நன்றாக வேலை செய்கிறது" என்று காட்டிவிட்டுப் போயிருந்தார்.

இந்த இடத்தில்தான் நம் விமர்சனம் தொடங்குகிறது. ஃபார்மட் செய்த பின் வட்டு நன்றாக வேலை செய்கிறது என்றால் அதன் பொருள் என்ன? வட்டின் காந்தப் பூச்சு நலமாகவே இருந்தது என்பதுதான். "வட்டு கெட்டுவிட்டது" என்ற நோயறிதல் தவறு என்பதற்கு அந்தச் சிகிச்சையின் வெற்றியே சான்றாகிவிடுகிறது! ஆனால் உண்மை தெரியும்போது, காப்பாற்றியிருக்கக்கூடிய பாடம் அழிந்து போயிருக்கும். இவ்வகைப் பொறிகளில் ஃபார்மட் என்பது பெயர்ப்பட்டியலை மட்டும் நீக்கும் செயலன்று. ஒவ்வொரு தடத்தையும் முழுமையாக மறுபடி எழுதிவிடும் செயலாகும்.

வட்டு எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காண்போம். பாலியெஸ்டர் தகட்டின் மீது இரும்பு ஆக்சைடுத் துகள்கள் ஒரு பசையினால் ஒட்டவைக்கப்பட்டுள்ளன. வட்டு நிமிடத்துக்கு 300 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை சுழல்கிறது. பிபிசி மைக்ரோவின் முறைப்படி ஒரு தடத்தில் 10 பிரிவுகள். ஒரு பிரிவில் 256 பைட்டுகள். 40 தடங்கள் கொண்ட ஒரு பக்கத்தில் 1,02,400 பைட்டுகள் அடங்கும். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 8 மைக்ரோ விநாடி. வெளித்தடத்தின் ஆரம் ஏறக்குறைய 57 மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு பிட் படுத்திருக்கும் நீளம் சுமார் 14 மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் இதைப்போல் பல மடங்கு! ஆகவே படிக்கும் முனையில் சிறு பூஞ்சைத் துணுக்கு ஒட்டினாலும் போதும், வட்டு 'ஊமை'யாகிவிடும். எழுத்து அழிந்துவிடவில்லை, மூக்குக்கண்ணாடியில்தான் அழுக்கு.

பரண் வெயிலில் காந்தம் அழிந்திருக்காதா என்று கேட்பீர்கள். அழியாது. இரும்பு ஆக்சைடு தன் காந்தத்தன்மையை இழக்கப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். நம் ஊர் அக்கினி நட்சத்திரம் எம்மட்டு! பகை வேறிடத்தில் இருக்கிறது. கொள்ளிடக் கரையின் ஈரக்காற்று பசையைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது, பூஞ்சையை வளர்க்கிறது. பூஞ்சை பிடித்த வட்டை இயக்கியில் இட்டுச் சுழற்றினால் முனை அழுக்காகும். அழுக்கான முனை அடுத்த வட்டைக் கீறும். "இது படிக்கவில்லை, அதைப் போட்டுப் பார்" என்று வரிசையாகப் போட்டுப் பார்ப்பது, தொற்று நோயாளியின் ஊசியையே ஊரில் எல்லாருக்கும் போடுவதை ஒக்கும்.

பொறியை வடிவமைத்தவர்கள் மீதும் ஒரு குறை சொல்ல வேண்டும். 18 என்ற எண்ணுக்கு 'பிரிவு அகப்படவில்லை' என்பதே பொருள். முனை அழுக்கு, முனையின் இடப்பிறழ்வு, சுழல்வேக மாற்றம், பூச்சின் சிதைவு ஆகிய எதனாலும் இது நேரலாம். 40 தட வட்டை 80 தட இயக்கியில் இட்டாலும் நேரலாம். அப்போது முதல் தடம் படிக்கும், மற்றவை படிக்கா. காரணத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது மாணவனைக் குழப்பும். எனினும் அதே வடிவமைப்பில் ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. கோப்புகளின் பட்டியல் முதல் தடத்தின் முதல் இரண்டு பிரிவுகளில் மட்டுமே உள்ளது. ஒவ்வொரு கோப்பும் துண்டுபடாமல் தொடர்ச்சியாக எழுதப்பட்டுள்ளது. ஆகையால் பட்டியலே போனாலும் பாடத்தை மீட்க வழியுண்டு. பொருளடக்கம் கிழிந்த புத்தகத்தைக் குப்பையில் எறிவோமா?

பின் எந்த வரிசையில் சோதிப்பது?

முதலாவது, மின்சாரம். இப்பொறிகளின் மின்வழங்கியில் உள்ள பழைய வடிகட்டி மின்தேக்கிகள் வெடிப்புற்று, ஈரம் உறிஞ்சிப் புகைவது வழக்கம். விவரம் அறிந்தவரைக்கொண்டு அவற்றை மாற்றாமல் பொறியை இயக்கவே கூடாது.

இரண்டாவது, வட்டின் ஓரத்திலுள்ள சதுர வெட்டை ஒட்டுத்தாளால் மூடுக. இனி அதில் எதுவும் எழுதப்படாது.

மூன்றாவது, முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின், இழப்பினால் வருத்தம் தராத வேறொரு நல்ல வட்டால் இயக்கியைச் சோதிக்க. அதுவும் படிக்காவிட்டால் குற்றம் இயக்கியுடையது.

நான்காவது, பூஞ்சை கண்ட வட்டை உறையிலிருந்து எடுத்து, வாலை வடிநீரில் மென்துணியால் துடைத்து, நிழலில் நன்கு உலர்த்துக.

ஐந்தாவது, படித்ததை உடனே படியெடுக்க. படிக்காத பகுதிகளுக்கு, காந்தத் திருப்பங்களின் கால இடைவெளியையே அப்படியே பதிவு செய்யும் கிரீஸ்வீசல் போன்ற சிறு கருவிகள் இன்று கிடைக்கின்றன. பொருள் காண்பதைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

ஃபார்மட் இந்த வரிசையில் எங்கே? இதன் இறுதியில்கூட இல்லை; மீட்பு முடிந்த பிறகுதான் அதற்கு இடம்.

எஞ்சிய பத்து வட்டுகளில் ஏழு முழுமையாகவும் இரண்டு பகுதியாகவும் படித்தன. ஒன்று இன்னும் வாய் திறக்கவில்லை. 'ழ' கிடைத்துவிட்டது. ஃபார்மட் செய்யப்பட்ட இரண்டில் என்ன இருந்தது என்பது ஆசிரியருக்கே நினைவில்லை.

இது ஒரு வீட்டுப் பரணின் கதை மட்டுமன்று. 1984-85இல் நம் நாட்டில் 'கிளாஸ்' என்னும் கணிப்பொறிக் கல்வித் திட்டம் ஏறக்குறைய 250 பள்ளிகளில் தொடங்கப்பட்டது. அங்குச் சென்றவை பிபிசி மைக்ரோக்களே. அத்திட்டம் பற்றி நான் படித்தவற்றில் எத்தனை பொறிகள், எத்தனை பள்ளிகள் என்ற கணக்கு இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் எழுதியவை எங்கே என்ற கேள்வி இல்லை. இங்கிலாந்திலும் இத்தகைய அனுபவம் உண்டு. 1986இல் பிபிசி நிறுவனம் மக்களிடம் திரட்டிய 'டோம்ஸ்டே' தொகுப்பு, லேசர் வட்டுகளில் பதிந்து வெளியிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அதைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. 2002 அளவில் ஆய்வாளர்கள் முயன்று மீட்க வேண்டியதாயிற்று. 1086ஆம் ஆண்டுத் தோல் ஏட்டுச் சுவடியையோ இன்றும் கண்ணால் படிக்கலாம்.

குமராட்சிக்கு அருகிலுள்ள தில்லையில் தேவார ஏடுகள் செல்லரித்துக் கிடந்த மரபுக் கதையை நீங்கள் அறிவீர்கள். அறையைத் திறந்தவர்கள், "கெட்டுவிட்டது, புதிதாக எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லவில்லை. புற்றை நீக்கி, எஞ்சியதை எடுத்துப் படியெடுத்தார்கள் என்றே அக்கதை சொல்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ பள்ளி அலமாரியிலோ பழைய வட்டுகள் இருந்தால், "இதில் என்ன இருக்கிறது?" என்று அவற்றை எழுதியவரை முதலில் கேளுங்கள். அவருடைய நினைவும் ஒரு சேமிப்பகமே. அதற்குப் படியெடுக்கும் கருவி உங்கள் காதுதான்.