பட்டாம்பூச்சியும் பாத்திரத்து நீரும்

எங்கள் ஊரில் மஃரிபுத் தொழுகைக்கும் இஷாத் தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுது திண்ணைகளுக்கு உரியது. அந்தப் பொழுதில் என்னோடு பல்லாண்டுக் காலம் உரையாடி மகிழ்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வயதில் மூத்தவர், காக்கா என்றே அழைப்பேன். பள்ளியில் அவர் கற்றது ஐந்தாம் வகுப்புவரைதான். ஆயினும் கைக்கு எட்டிய நூலை வாசியாது விட்டவரல்லர். சீனத்து ஞானி சுவாங் த்ஸுவின் பட்டாம்பூச்சிக் கதை என்றால் அவருக்கு உயிர். அக்கதையைச் சொல்லி முடித்ததும், "தம்பி, சீனர் தாவோ என்கிறார், உபநிடதம் பிரம்மம் என்கிறது, நம் ஸூஃபிகள் ஹக் என்கிறார்கள். பெயர்தான் மூன்று, பொருள் ஒன்று. ‘நான்’ போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான்" என்பார். "அவ்வளவு சுருக்காகவா முடிந்துவிடும், காக்கா?" என்று நான் கேட்பேன். வழக்கு தொடங்கிவிடும். இஷா பாங்கொலி கேட்கும்வரை ஓயாது.

அவ்வழக்கின் என் பக்கத்து வாதத்தை இன்று எழுத்தில் வைக்க முனைகிறேன். ‘எல்லாம் ஒன்றே’ என்று முடிக்கும் அவசரம் காக்கா ஒருவருக்கு மட்டும் உரியதன்று; சமய ஒப்பியல் பேசுவோர் பலருக்கும் அது பொது. ஆகவே நூல்கள் சொல்வதென்ன, நாம் அவற்றின்மேல் ஏற்றிச் சொல்வதென்ன என்று பிரித்துப் பார்ப்பது பயனுடையது.

முதலில் பட்டாம்பூச்சியைப் பார்ப்போம். சுவாங் த்ஸு கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவர். அவர் பெயரால் வழங்கும் நூல் இன்று 33 அத்தியாயங்களாகக் கிடைக்கின்றது. அவற்றுள் முதல் 7 அத்தியாயங்களே அவர் வாக்குக்கு மிக நெருங்கியவை என்பது அறிஞர் பலரின் கருத்து. பட்டாம்பூச்சிக் கனவு இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் வருகின்றது. ஞானி ஒருநாள் தாம் பட்டாம்பூச்சியாகி மகிழ்ந்து பறப்பதாகக் கனவு காண்கிறார். தாம் இன்னார் என்ற நினைவே அப்போது அவருக்கு இல்லை. விழித்ததும் பழைய மனிதராகவே இருக்கிறார். இப்போது ஓர் ஐயம் எழுகின்றது. பட்டாம்பூச்சியாகக் கனவு கண்ட மனிதரா அவர்? அன்றி, மனிதராகக் கனவு காணும் பட்டாம்பூச்சியா?

கதை சொல்வோர் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக் கேட்போரின் வியப்பைப் பெற்றுக்கொள்வர். காக்காவும் இங்கேதான் நிறுத்துவார். ஆனால் சுவாங் த்ஸு இங்கே நிறுத்தவில்லை. மனிதருக்கும் பட்டாம்பூச்சிக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தே ஆகவேண்டும் என்று அவர் மேலும் சொல்கிறார். பொருள்கள் ஒன்று மற்றொன்றாக மாறும் மாற்றம் என அதற்குப் பெயரும் தருகிறார். எது எது என்று தெரியவில்லை என்பது வேறு. இரண்டும் ஒன்றே என்பது வேறு. அவர் சொன்னது முன்னது. நாம் கேட்டுக்கொண்டது பின்னது. வாலை வெட்டிவிட்டுப் பறவையைப் பாராட்டுவது போன்றது இது.

அதே அத்தியாயத்தின் தொடக்கமும் நம் கருத்துக்கு உரியது. ஆசிரியர் ஒருவர் சாய்மனையில் சாய்ந்து, துணையை இழந்தவர்போல் வெறித்திருக்கிறார். உடல் உலர்ந்த மரம்போல, உள்ளம் ஆறிய சாம்பல்போல இருக்கக் கண்ட மாணவர் காரணம் வினவுகிறார். தம்மைத் தாமே தொலைத்துவிட்டதாக ஆசிரியர் விடையளிக்கிறார். தொலைத்தவரைச் சுட்ட ஒரு சொல், தொலைந்தவரைச் சுட்ட வேறொரு சொல் எனத் தன்மைக்குரிய இருவேறு சொற்களைச் சீன மூலம் இங்கே ஆள்கின்றது. ஆகவே ஒரு ‘நான்’ தொலைந்தது; அந்தச் செய்தியைச் சொல்ல இன்னொரு ‘நான்’ எஞ்சி நிற்கிறது. எஞ்சியவர் யார்? நூல் வாய் திறக்கவில்லை. இந்த மௌனத்திலும் ஒரு குறும்பு இருக்கின்றது.

இனி உபநிடதத்துக்கு வருவோம். சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் அத்தியாயத்தில் இந்திரனும் விரோசனனும் பிரஜாபதியிடம் மாணவராகச் செல்லும் கதை உண்டு. மூப்பும் சாவும் பசியும் தீண்டாத ஆன்மாவை அறிந்தவர் எல்லா உலகங்களையும் அடைவர் என்று கேள்வியுற்று, தேவர் சார்பில் ஒருவரும் அசுரர் சார்பில் ஒருவருமாக அவர்கள் வருகிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் பணிவிடை செய்கிறார்கள். அதன்பின் கிடைத்த பாடம் என்ன? நீர் நிறைந்த பாத்திரத்தில் தங்களைப் பார்க்கச் சொல்கிறார் ஆசான். பார்க்கிறார்கள். நன்றாக உடுத்தி அணிசெய்துகொண்டு மீண்டும் பார்க்கச் சொல்கிறார். பார்க்கிறார்கள். நீரில் அழகிய இரு உருவங்கள் தெரிகின்றன. அதுவே ஆன்மா என்கிறார் ஆசான்! மாணவர் இருவரும் மனநிறைவோடு வீடு திரும்புகின்றனர்.

இது ஏமாற்று வேலை போலத் தோன்றும். உண்மையில் இது ஆசான் வைத்த சோதனை. தவறான விடையை மெய்போலத் தந்து, எந்த மாணவன் திரும்பி வருவான் என்று பார்க்கும் விளையாட்டு. விரோசனன் திரும்பவில்லை. உடலே ஆன்மா என்று தன் கூட்டத்தாருக்குப் போதிக்கப் போய்விட்டான். இந்திரனுக்குப் பாதி வழியில் ஐயம் வந்தது. உடல் அணிபூண்டால் நிழலும் அணிபூண்கிறது. உடல் குருடானால் நிழலும் குருடு. உடல் அழிந்தால் அதுவும் அழியுமே! திரும்பி வந்தான். இன்னும் முப்பத்திரண்டு ஆண்டுகள். கனவில் உலவுபவனே ஆன்மா என்று இம்முறை விடை கிடைத்தது. அதிலும் அவன் குறை கண்டான். கனவிலும் துரத்தப்படுகிறோம், துன்புறுகிறோம், அழுகிறோம்; இதில் விடுதலை எங்கே? மறுபடி முப்பத்திரண்டு ஆண்டுகள். கனவற்ற ஆழ்ந்த உறக்கமே ஆன்மா என்று மூன்றாம் விடை வந்தது. இங்கேதான் இந்திரன் மிகக் கூர்மையாகத் தடுக்கிறான். அந்நிலையில் ஒருவன் தன்னையும் அறியான், பிறரையும் அறியான். அது அழிந்துபோனதற்கு ஒப்பாகுமே. அதனால் என்ன நன்மை? மேலும் ஐந்து ஆண்டுகள் கழித்தே இறுதிப் பாடம் அவனுக்குக் கிட்டியது. கூட்டிப் பார்த்தால் 101 ஆண்டுகள்!

கனவு இரண்டு நூல்களுக்கும் பொது. ஆயின் அதைக் கையாளும் முறை வேறு. உபநிடதத்துக்குக் கனவு ஒரு படி. ஏறிக் கடக்க வேண்டியது. கண்டவன் யார், கேட்டவன் யார் என்று ஒவ்வொரு போர்வையாக அகற்றி, போர்த்தியிருப்பவனைத் தேடுகின்றது அது. சுவாங் த்ஸுவுக்குக் கனவு ஒரு கதவு; உள்ளும் புறமும் ஆடிக்கொண்டேயிருக்கும். கதவுக்கு அப்பால் நிலையாக அமர்ந்திருப்பவர் யாரென்று அவர் தேடுவதில்லை. முன்னவர் ‘நான்’ என்பதைக் கண்டுபிடிக்க விளையாடுகிறார். பின்னவர் அதன் பிடி தளர விளையாடுகிறார். ஆட்டம் ஒன்று போலத் தோன்றலாம். ஆடும் காரணம் ஒன்றன்று.

எனினும் ஓரிடத்தில் இரு நூல்களும் கை கோத்து நிற்கின்றன. அந்த இடம் காக்கா சொன்ன இடமன்று. ‘நான் போய்விட்டால் எல்லாம் ஒன்றுதான்’ என்று நாம் முடிக்கப் போகும் தறுவாயில் இரண்டுமே நம் கையைப் பிடித்து நிறுத்துகின்றன. வேறுபாடு இருந்தே ஆகவேண்டும் என்கிறது ஒன்று. வெறுமனே மறைந்துபோவது விடையாகாது என்கிறது மற்றொன்று.

சொல்லாராய்ச்சியும் நமக்கு இங்கே துணை வருகின்றது. வடமொழியில் ‘ஆத்மன்’ என்பது ஆன்மாவையும் குறிக்கும். ‘தன்னைத் தான்’ என்னும் பொருளில் வெறும் பிரதிப்பெயராகவும் வரும். அரபியில் ‘நஃப்ஸ்’ என்னும் சொல்லும் அவ்வாறே. தமிழின் ‘தான்’ என்பதையும் இவற்றோடு சேர்த்து எண்ணலாம். சென்ற இடத்திலிருந்து சொன்னவரை நோக்கித் திரும்பும் சொற்கள் இவை. பாத்திரத்து நீரும் அத்தகையதே. குனிந்தவர் முகத்தை அவருக்கே திருப்பித் தருகின்றது. ஆயினும் மூன்று மொழிகளில் ஒரே வகைச் சொல் இருப்பதாலேயே மூன்று மொழியாரும் ஒரே முகத்தைக் கண்டார்கள் என்று கூறிவிட இயலாது.

நம் முன்னோரிடையே இத்தகைய ஒப்பீட்டுக்கு இருவேறு வழிகள் இருந்தன. அல்-பிரூனி ஏறத்தாழ 1030இல் முடித்த இந்தியா பற்றிய பெருநூலில், இந்துக்களின் கொள்கையை முதலில் அவர்கள் கூறும் வண்ணமே எடுத்துரைத்தார். கிரேக்கரோடும் ஸூஃபிகளோடும் ஒப்பிட்டார். ஆனால் ஒன்றில் மற்றொன்றைக் கரைத்துவிடவில்லை. இளவரசர் தாரா ஷிகோ வேறு வழி சென்றார். ‘மஜ்மஉல் பஹ்ரைன்’ என்று, இரு கடல்கள் கூடுமிடம் எனும் பொருளில் தம் நூலுக்குப் பெயர் சூட்டினார். 1657இல் பனாரஸ் பண்டிதர்களின் துணையோடு ஐம்பது உபநிடதங்களைப் பாரசீகத்தில் தந்தார். திருமறை சுட்டும் மறைந்த நூல் இதுவே என்றும் துணிந்தார். 1659இல் கொல்லப்பட்டார். அவர் தந்த பாரசீக நூலையே ஆங்க்கெத்தில் துப்பெரோன் 1801, 1802 ஆண்டுகளில் இலத்தீனில் வெளியிட, உபநிடதம் ஐரோப்பாவை எட்டியது. இத்தொண்டு மறக்கவொண்ணாதது. ஆயினும் அவர் நூலுக்குச் சூட்டிய பெயர் திருமறையின் சொல். இரு கடல்கள் சந்திப்பதையும், அவை மீறாத ஒரு தடுப்பு அவற்றிடையே இருப்பதையும் அதே திருமறை ‘அர்-ரஹ்மான்’ அத்தியாயத்தில் சேர்த்தே கூறுகின்றது. சந்திப்பை நினைத்தவர் தடுப்பையும் நினைத்திருக்கலாம்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜப்பானியப் பேரறிஞர் தோஷிஹிகோ இஸுத்ஸு இப்னு அரபியையும் தாவோ ஞானியரையும் ஒப்பிட்டு 1966, 1967இல் ஒரு நூல் வெளியிட்டார். திருக்குர்ஆனை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவரும் அவரே. இப்னு அரபிக்கு ஒரு பகுதி, லாவோ த்ஸுவுக்கும் சுவாங் த்ஸுவுக்கும் ஒரு பகுதி, அதன் பின்னரே ஒப்பீட்டுக்கு மூன்றாம் பகுதி என்று நூலை அவர் அமைத்தார். விருந்தினர் இருவரையும் தனித்தனி அறையில் அமர்த்தி, அவரவர் பேச்சைக் கேட்டு முடித்த பிறகே நடுக்கதவைத் திறக்கும் பண்பு இது. முடிவுகளில் ஒருவர் மாறுபடலாம். முறையில் கற்க வேண்டியது மிகுதி.

அவசரத்தின் விளைவைச் சுவாங் த்ஸுவே ஒரு கதையாக்கியிருக்கிறார். தென்கடல் அரசரும் வடகடல் அரசரும் நடுநாட்டு அரசராகிய ஹுன்துன் வீட்டில் அடிக்கடி விருந்துண்டனர். அவருக்கோ கண், காது, மூக்கு, வாய் எதுவுமில்லை. நன்றிக்கடனாக நாளொன்றுக்கு ஒரு துளை வீதம் அவருக்குத் துளையிட்டனர். ஏழாம் நாள் ஹுன்துன் இறந்துபோனார். பிற சமயத்து நூல்களுக்கு நம் முகத்தின் சாயலில் துளையிடும் நண்பர்கள் இக்கதையை நினைவிற் கொள்ளுதல் நலம். அவர்கள் பகைவரல்லர், அன்பினால் துளையிடுபவர்கள். அதுதான் துயரம்.

சுவாங் த்ஸுவின் நண்பர் ஹுய் ஷி பெரிய தர்க்க வல்லுநர். இருவரும் ஓர் ஆற்றுப் பாலத்தில் உலவும்போது, கீழே நீந்தும் மீன்கள் மகிழ்ந்திருப்பதாக ஞானி கூறினார். மீனல்லாத ஒருவர் மீனின் மகிழ்ச்சியை எவ்வாறு அறிவார் என்று தடுத்தார் நண்பர். நானல்லாத நீர், நான் அறியேன் என்பதை எவ்வாறு அறிந்தீர் என்று திருப்பினார் ஞானி. நண்பர் விடவில்லை. இறுதியில் ஞானி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். கேள்வியில் இருந்த சீனச் சொல் ‘எவ்வாறு’ என்றும் பொருள்படும், ‘எவ்விடத்து’ என்றும் பொருள்படும். பாலத்தின்மேல் இந்த இடத்திலிருந்துதான் அறிந்தேன் என்று முடித்துவிட்டார்! பிறமொழிகளில் பெயர்ப்போரை இடறவைக்கும் இச்சிலேடையைத் தமிழ் எளிதில் தாங்கும். நம் ‘யாங்கு’ என்னும் பழஞ்சொல்லுக்கும் அதே இருபொருள் உண்டன்றோ? ‘யாங்கு அறிந்தனை’ என்று வினவினால் வழக்கு முழுதும் தமிழில் நடந்துவிடும்.

தர்க்கப்படி பார்த்தால் வென்றவர் ஹுய் ஷிதான். சிலேடை ஒரு விடையாகாது. அதை ஞானி அறியாதவரல்லர். அவர் ஹுய் ஷியை எவ்வாறு மதித்தார் என்பதைப் பின்னோர் அத்தியாயம் காட்டுகின்றது. நண்பரின் கல்லறையைக் கடக்கும்போது அவர் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் மூக்கின் நுனியில் ஈயின் இறகளவு சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. கோடரியைச் சுழற்றி அதை மட்டும் சீவி எடுத்தான் தச்சன். மூக்கில் கீறல் இல்லை, நின்றவனும் அசையவில்லை. செய்தி கேட்ட அரசன் தனக்கும் அவ்வித்தையைக் காட்டச் சொன்னான். முன்பு முடிந்தது, ஆனால் அசையாமல் நின்றவன் இறந்து நெடுநாளாயிற்று என்றான் தச்சன். தமக்கும் இனிப் பேச ஆளில்லை என்று சொல்லி நிறுத்துகிறார் சுவாங் த்ஸு.

‘நான்’ என்பதன் பிடியைத் தளர்த்தக் கற்பித்தவர், தமக்கு எதிரே நின்ற ‘நீ’ மறைந்தபோது மௌனமானார். அவருக்கும் பட்டாம்பூச்சிக்கும் இடையே வேறுபாடு இருந்ததுபோல், அவருக்கும் ஹுய் ஷிக்கும் இடையேயும் இருந்தது. அது இருந்ததனால்தான் பாலத்தில் அந்த உரையாடல் நிகழ்ந்தது.

காக்கா இறையடி சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அல்லாஹ் அவருடைய மண்ணறையை விசாலமாக்குவானாக. மேலே எழுதிய வாதங்களுட் பல அவர் மறைவுக்குப் பின்னரே எனக்குத் தோன்றியவை. அவர் இருந்திருந்தால் இவற்றை ஒரே நகைப்பில் தட்டிவிட்டு, "எல்லாம் ஒன்றுதான், தம்பி" என்றிருப்பார். மஃரிபுக்குப் பின் இன்றும் திண்ணையில் அமர்கிறேன். எல்லாம் ஒன்றுதான் என்றால், பக்கத்து இடம் மட்டும் ஏன் இத்தனை வெறுமையாக இருக்கின்றது? அவரிடம் கேட்க நான் வைத்திருக்கும் கடைசிக் கேள்வி அதுதான்.