ஒரு தட்டுக்குள் எத்தனை அசை?

ராப் பாடலொன்றின் வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, 'இதில் கவிதை எங்கே?' என்று கேட்பவர்கள் நம்மிடையே உள்ளனர். அந்தக் கவிதையைத் தாளில் மட்டும் தேடுவது பொருந்தாது என்பது என் கருத்து. தாளத்தின் ஒவ்வொரு தட்டையும் சொல் எப்படிக் கூறுபோடுகிறது என்பதிலேயே அதன் பாதி உயிர் இருக்கிறது.

பெரும்பாலான ராப் பாடல்களில் ஒரு சுற்றுக்கு நான்கு தட்டுகள். தட்டை நான்காகப் பிரித்தால் சுற்றுக்கு 16 இடங்கள். மூன்றாகப் பிரித்தால் 12. நிமிடத்துக்கு 90 தட்டுகள் என்ற வேகத்தில் 16 இடங்களையும் நிரப்புபவர் செக்கனுக்கு ஆறு அசைகளை உச்சரிக்க வேண்டும். உயிரொலி குறுகும், மெய்யொலி கூர்மை பெறும், மூச்சுக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும். பன்னிரண்டில் செக்கனுக்கு நாலரை அசைதான். குரல் உருளத் தொடங்கும்.

1984இல் வெளிவந்த ரன்-டி.எம்.சி. குழுவின் முதல் இசைத்தொகுப்பில் இயைபு பெரும்பாலும் நான்காம் தட்டில் வந்து விழும். அதை நிலைநிறுத்த உரத்த குரல் தேவைப்பட்டது. 1987இல் எரிக் பி.யுடன் 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பைத் தந்த ரகீம், சக்ஸபோன் வாசித்தவர். ஜோன் கொல்ட்ரேனின் இசையில் தோய்ந்தவர். அவர் இயைபைத் தட்டுகளின் இடுக்குகளிலும் வைத்தார். வாக்கியத்தைச் சுற்றின் எல்லை தாண்டி ஓடவிட்டார். அழுத்தத்தை இடமே தந்துவிட்டதால் அவருக்குக் கத்தவேண்டியிருக்கவில்லை. அந்த அமைதியான குரல் தாளக் கணக்கின் விளைவு என்றே நான் கருதுகிறேன்.

'வெர்சாச்சி' (2013) பாடலால் மீகோஸ் குழுவின் மும்மைப் பிரிப்பு பிரபலமாயிற்று. மெம்பிஸின் திரீ சிக்ஸ் மாஃபியா போன்ற குழுக்கள் 1990களிலேயே அதைக் கையாண்டிருந்தன. பின்னர் பலர் அதை அச்சுவார்ப்பாக்கினர். நான்மைக்கு நடுவே திடீரென வரும்போதுதான் மும்மை காதை உலுக்குகிறது. பாடல் முழுவதும் அதுவேயானால் அலுப்புத் தட்டுகிறது.

காசிம் புலவரின் திருப்புகழைச் சந்தம் பிரித்து வாசிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. ஆனால் ஆங்கிலத்தில் சந்தத்தை நடத்துவது அசையழுத்தம். தமிழில் குறிலும் நெடிலும். அமெரிக்க வேகத்தை அப்படியே பெயர்க்கும் தமிழ் ராப் பாடகர் நெடிலைக் குறுக்கினால் 'பாடம்' 'படம்' ஆகிவிடும். தமிழில் ராப் எழுத முனையும் நம் இளைஞர்கள் வேகத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தம் மொழியின் மாத்திரையை எண்ணிப் பழகட்டும்.