பேஸில் எவ்வளவு உலோகம்?

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று (152ஆம் பாட்டு) இசைக்குழு ஒன்றைத் தயார்படுத்துகிறது. முழவுக்கு மண் பூசுங்கள், யாழைப் பண்ணுக்கு நிறுத்துங்கள் என்று தொடங்கி தூம்பு, எல்லரி, ஆகுளி என ஒவ்வொரு கருவியாகச் சொல்லி வரும் பாணர், பதலைக்கு வந்ததும் அதன் ஒரு கண்ணை மெல்ல இயக்கச் சொல்கிறார். கீழ்ச் சுருதியில் எதை எவ்வளவு ஓங்கி ஒலிக்க விடுவது என்ற கவலை இந்த மலைக்கு அவ்வளவு பழையது. மண் பூசுவதும் அதே கவலைதான். தோலில் எடை கூடினால் சுருதி இறங்கும், மேலே சிதறும் ஓசைகள் அடங்கும். இன்று மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை வைப்பதும் இதற்காகத்தான்.

ஆடி 18-ஐ ஒட்டி, கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மெல்லிசைக் குழுக்களின் வேன்களும் மேலே ஏறுகின்றன. அவற்றின் கீபோர்டுகளில் இப்போது தவறாமல் இருக்கும் ஒரு ஒலியைப் பற்றியே இந்தக் கட்டுரை. இரும்புத் தகட்டில் சுத்தியல் பட்டதுபோல் தொடங்கி, அடிவயிற்றில் குத்தி, சட்டென்று அடங்கும் சிந்தசைசர் பேஸ். பலர் அதை முன்பே சேமித்து வைத்த ஒலியாக வாசிக்கிறார்கள். சிலர் அனலாக் கருவியில் தாங்களே உருவாக்குகிறார்கள். இந்த இரண்டாவது வழக்கம் மதிப்புள்ளது, வளர வேண்டியது என்று நினைக்கிறேன். ஆனால் அது நம் இசைக்குள் வரும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

அனலாக் கருவிக்கு உலோக ஓசை இயல்பானதல்ல. 1970இல் வந்த மினிமூக், அலையை எழுப்பும் மூன்று ஆசிலேட்டர்களையும் ஆக்டேவுக்கு 24 டெசிபல் வெட்டும் ஃபில்டரையும் கொண்டது. அதன் பேஸ் கொழுத்தது, உருண்டையானது. ரம்பப்பல் அலையில் இருக்கும் மேற்சுரங்கள் எல்லாம் அடிச்சுரத்தின் 2, 3, 4 மடங்குகள். காது அவற்றை ஒரே சுரமாகச் சேர்த்துக்கொள்கிறது. மணி, தட்டு, சேகண்டி போன்றவற்றின் மேற்சுரங்கள் அப்படி முழு மடங்குகளில் நிற்பதில்லை. அந்தப் பொருந்தாமையைத்தான் உலோகம் என்று காது அறிகிறது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது அந்த ஓசை எளிதாகக் கைக்கு வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவுனிங் வகுத்த எஃப்எம் முறையில் இரண்டு அலைகளின் விகிதத்தை எண்ணாகவே கொடுத்துவிடலாம். அனலாகில் அந்த எண் கிடையாது. ஒரு குமிழும் ஒரு காதும்தான் உண்டு.

இந்த வழக்கத்தின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. ஒரு ஆசிலேட்டரால் இன்னொன்றின் சுருதியை வேகமாக அசைத்தால் உலோகம் பிறக்கும். மினிமூக் வகைக் கருவிகளில் அசைவின் ஆழம் கூடும்போது சுருதியின் சராசரியும் மேலே ஏறிவிடும். குறை என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆழத்தை, நேரத்தோடு அளவை ஏற்றி இறக்கும் ஒரு என்வலப்பின் கையில் கொடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்க விட்டால், உலோகம் மறையும்போதே சுருதியும் மேலிருந்து கீழே விழுந்து தன் இடத்தில் நிற்கிறது. தோல் கருவியை ஓங்கி அடித்தாலும் இதுதான் நடக்கும். அடித்த கணத்தில் இழுபட்ட தோல் சற்று மேலே ஒலித்து, பிறகு இறங்கும். அந்த விழுதலைத்தான் உடம்பு குத்து என்று உணர்கிறது. கருவியின் குறையே இங்கே குத்தைத் தருகிறது. ஆயத்த ஒலியை மட்டும் வாசிப்பவருக்கு இந்த அறிவு வாய்ப்பதில்லை.

காலக் கணக்கும் முக்கியம். 55 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுரத்துக்கு ஒரு சுழற்சி முடியவே சுமார் 18 மில்லிசெகண்ட் ஆகிறது. சுருதி இன்னது என்று காது முடிவு செய்யச் சில சுழற்சிகள் வேண்டும். அதற்குள் வந்து போகும் உலோகத்தைக் காது சுரமாக எண்ணாது, அடியாகவே எண்ணும். அதையும் தாண்டி நீடிக்கும் உலோகம் தனக்கென ஒரு சுருதி கேட்டு அடிச்சுரத்தோடு சண்டையிடும். மானாமதுரைக் கடத்தைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மண்ணின் உடம்பு உலோகம்போல் கணீரென்கிறது, உள்ளே அடைபட்ட காற்று கும் என்கிறது. கணீர் அடியின் முனையில் முடிந்துவிடும், கும் நிற்கும். உலோக பேஸ் செய்ய விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டிய கருவி அந்தப் பானைதான்.

தவறு நடக்கும் இடம் ரிங் மாடுலேட்டர். அது இரண்டு அலைகளைப் பெருக்கி, அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் மட்டும் வெளியே விடும். 110 ஹெர்ட்ஸையும் 155 ஹெர்ட்ஸையும் கொடுத்தால் 265-ம் 45-ம் வரும். நாம் வாசித்த 110 காணாமல் போய்விடும். தனியறையில், ஹெட்ஃபோனில், அந்த ஒலி மயக்கும். தம்பூராவோ ஒரு ஷட்ஜமோ பக்கத்தில் வந்ததும் எந்தச் சுரம் வாசிக்கப்படுகிறது என்பதே தெரியாது. அதே கருவியில் இரண்டாவது அலையைப் பஞ்சமத்துக்குச் சேர்த்தால், அதாவது 165-க்கு வைத்தால், 275-ம் 55-ம் வருகின்றன. இரண்டும் 55-இன் மடங்குகள். ஒரு ஆக்டேவ் கீழே உறுதியான பேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ-ப உறவைக் காதால் சேர்க்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இது கைவந்த வேலையாக இருக்க வேண்டும். ஆனாலும் பெரும்பாலோர் குமிழைச் சுழற்றி, வினோதமாக ஒலிக்கும் முதல் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 1920இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு இங்கே நினைவுக்கு வருகிறது. வெறும் வட்டத் தோலின் ஓசைகள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கற்ற விகிதங்களில் சிதறும். மிருதங்கத்தின் நடுவே வைக்கும் கரிய சோறு அவற்றை இழுத்துப் பிடித்து ஏறக்குறைய முழு மடங்குகளாக்கிவிடுகிறது என்று அவர் காட்டினார். சிதறலிலிருந்து சுருதிக்கு வர நம் கைவினைஞர்கள் தலைமுறைகளாக உழைத்திருக்கிறார்கள். உலோக பேஸ் செய்கிறவர் அதற்கு நேரெதிர்த் திசையில் போகிறார். போகலாம். திரும்பி வரும் வழியை வைத்துக்கொண்டு போக வேண்டும்.

வழி காட்டியவரும் இருக்கிறார். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969இலேயே மூக் சிந்தசைசர் வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் இந்த வகை பேஸின் முதல் பெரிய சாதனை என்று நான் கருதுவது பம்பாய்க் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் எச்எம்வி மூலம் வெளியிட்ட, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் கொண்ட இசைத்தட்டு. ரோலண்டின் மூன்று கருவிகள்: ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303. இந்த 303-இல் ஒரே ஒரு ஆசிலேட்டர்தான் உண்டு. ரிங் மாடுலேட்டர் இல்லை, ஒரு ஆசிலேட்டரை இன்னொன்றோடு பூட்டும் சிங்க்கும் இல்லை. அதன் உலோகம் முழுவதும் ஃபில்டரின் ரெசனன்ஸிலிருந்து வருகிறது. அந்த ரெசனன்ஸ் அலைக்குள் ஏற்கெனவே இருக்கும் முழு மடங்கு மேற்சுரங்களைத்தான் தூக்கிக் காட்டுகிறது. அதனால்தான் அந்தத் தட்டில் பைரவ் பைரவாகவே கேட்கிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் வசதியும் அதில் உண்டு. நம் கமகத்தின் நெளிவு அதற்குள் முழுதாக அடங்காது, அந்தத் திசையையாவது அது காட்டுகிறது.

தமிழில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' கணினி வழி இசைக்குப் பேர் பெற்ற படம். அதன் பிறகு எந்திர பேஸ் நம் காதுக்குப் பழகிவிட்டது. என் மனத்தாங்கல் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அதே காலத்தில் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டிருந்தது. பாடகரின் வரிக்கு எதிர்வரி சொன்னது, காத்திருந்தது, முந்திப் போனது. உலோகக் குத்து வந்தபின் பேஸ் தாளக் கருவிகளின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரே சுரத்தைப் பதினாறு முறை அடிப்பதே அதன் வேலையாயிற்று. தொடக்கத்திலேயே எல்லாப் பலத்தையும் செலவழித்துவிடும் ஒலியால் நீண்ட வாக்கியம் பேச முடியாது. திறமைசாலிகள் கையிலும் இந்தக் குறை தீரவில்லை.

மலைக்கு வருவோம். ஓர் ஆடி மாதம் ஒரு மெல்லிசைக் குழுவோடு நானும் ஏறினேன், சிறு அனலாக் கருவி ஒன்றுடன். நாமக்கல்லில் அறைக்குள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்த உலோக பேஸ் அதில் இருந்தது. மேலே மைக் செட்டில் பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கர்கள். அவற்றில் சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. என் பேஸிலிருந்து டிங் டிங் என்ற சத்தம் மட்டும் மரங்களுக்கிடையே போய் வந்தது. பக்கத்தில் எந்த மின்சாரமும் இல்லாத ஊர் மேளம் நெஞ்சில் அதிர்ந்துகொண்டிருந்தது. இடைவேளையில் ரிங் மாடுலேட்டரை அணைத்துவிட்டு இரண்டாவது ஆசிலேட்டரை சிங்க்கில் போட்டேன். சிங்க் என்பது ஒரு ஆசிலேட்டர் தன் ஒவ்வொரு சுழற்சியிலும் மற்றொன்றைத் தொடக்கத்துக்கே இழுத்துவிடுவது. என்ன திருகினாலும் வரும் மேற்சுரங்கள் எல்லாம் முதலாவதின் முழு மடங்குகளாகவே இருக்கும். ஓசை கிழியும், உலோகமாகவும் இருக்கும், சுருதி மட்டும் நகராது. அதே குழாய் ஸ்பீக்கரில் இப்போது பேஸ் கேட்டது.

காரணம் காதில் இருக்கிறது. 330, 385, 440, 495 என்று 55-இன் மடங்குகள் மட்டும் வந்தாலும், வராத 55-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்ளும். மடங்குகளில் நிற்காத உலோகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, மேற்சுரம் நிறைந்த பேஸ் சிறிய ஸ்பீக்கர்களுக்கு ஏற்றது என்று சொல்லப்படுவது பாதி உண்மைதான். பொருந்தும் உலோகத்துக்கு மட்டுமே அது செல்லும். மினிமூக் வகை ஃபில்டரில் ரெசனன்ஸை ஏற்றினால் அடி பேஸ் மெலிந்துவிடும் என்பதையும் இதோடு சேர்த்து நினைக்க வேண்டும். மினுக்கத்துக்கு ஆசைப்பட்டு அடித்தளத்தை இழக்கும் இடம் அது.

இன்னொரு குறை குளிர். ஆசிலேட்டரின் சுருதியை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டரின் இயல்பு டிகிரிக்கு 0.33 சதவீதம் மாறும். ஈடு செய்யும் ரெசிஸ்டர் இல்லாவிட்டால், ஒரு ஆக்டேவ் தொலைவில் டிகிரிக்கு 4 சென்ட் பிசகும். மாலைக்கும் நடு இரவுக்கும் இடையே 8 டிகிரி இறங்கினால் 32 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல கருவிகளில் ஈடு உண்டு, ஆனாலும் இரண்டு ஆசிலேட்டர்களும் ஒரே அளவில் நழுவுவதில்லை. சாதாரண பேஸில் இது ஓசைக்கு உயிர் தரும். உலோக பேஸிலோ ஓசையின் குணமே இரண்டு அலைகளின் விகிதத்தில் தொங்குவதால், ஏழு மணிக்குக் கேட்ட ஒலி பதினோரு மணிக்கு இருக்காது. ஆயிரம் மீட்டருக்கு மேலே இரவில் வாசிப்பவர் இதை ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே சரிபார்க்க வேண்டும். சிங்க் செய்த ஒலி இங்கேயும் தப்பித்துக்கொள்கிறது. இரண்டாவது அலை நழுவினால் நிறம் மாறும், சுருதி மாறாது.

எனவே என் தீர்ப்பு இது. உலோக பேஸை அனலாகில் செய்யும் வழக்கம் காதைப் பழக்குகிறது, மேளத்துக்கு நடுவே பேஸுக்கு ஒரு முகம் தருகிறது. பொருந்தாத உலோகத்தை நீட்டி வைக்கும்போது ராகத்தையும் கெடுக்கிறது, பேஸையும் இழக்கிறது. வரும் ஆடிக்கு மலை ஏறும் கீபோர்டு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: செய்த ஒலியைச் சேமிப்பதற்கு முன் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமுறையும், ஒரு குழாய் ஸ்பீக்கரில் ஒருமுறையும் கேளுங்கள். பேஸ் தெளிவாகக் கேட்காவிட்டால் உலோகத்தின் என்வலப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.