பணியாளர்/ஆசிரியர்: கல்விக் கொள்கையில் ஒரு சாய்கோடு

தேசியக் கல்விக் கொள்கை 2020 பற்றி நம்ம ஊரில் நடந்த விவாதம் பெரும்பாலும் மும்மொழியைப் பற்றித்தான். அந்தச் சத்தத்தில் முதல் அத்தியாயம் அதிகம் பேசப்படவில்லை. அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்வி பற்றியது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்றுதான் ஆரம்பிக்கிறது. சரி, அந்த வயதில் சொல்லிக்கொடுக்கப் போவது யார்? அதற்கான பதில் 1.7 என்று எண்ணிட்ட ஒரு பத்தியில் இருக்கிறது. இந்தக் குறிப்பு அந்த ஒரு பத்தியைப் பற்றியது.

பத்தியின் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். இப்போது அங்கன்வாடியில் வேலை செய்பவர்களுக்கு மழலைக் கல்வியில் பயிற்சி தரப்படும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 6 மாதச் சான்றிதழ் படிப்பு, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ. இதை டிடிஹெச் சேனல், ஸ்மார்ட்போன் வழியாக நடத்தலாம். அப்படிச் செய்தால் இப்போது பார்க்கும் வேலைக்கு அதிக இடையூறு வராது. மாதம் ஒரு தடவையாவது நேரடி வகுப்பு இருக்கும். நீண்டகால நோக்கில், தகுதி பெற்ற மழலையர் ஆசிரியர்களின் அணியை மாநில அரசுகள் உருவாக்க வேண்டும், அவர்களுடைய பணி வளர்ச்சிக்கும் பாதை வகுக்க வேண்டும்.

முதல் வாசிப்பில் குறை சொல்லத் தோன்றாது. பத்தாவதோடு நின்றுபோன ஒரு அங்கன்வாடி டீச்சரை ஒதுக்கிவிடாமல், அவருக்கும் ஒரு டிப்ளமோ என்று யோசித்திருப்பது நல்ல விஷயம். வெளியிலிருந்து புது ஆட்களை எடுத்து இவர்களை ஓரங்கட்டியிருக்கலாம், அப்படிச் செய்யவில்லை. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே போகிறேன்.

இரண்டாவது வாசிப்பில் எனக்கு இடறியது ஒரு சாய்கோடு. ஆங்கில மூலத்தில் இவர்களைக் குறிப்பிடும் இடங்களில் 'அங்கன்வாடி பணியாளர்/ஆசிரியர்' என்று இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். பணியாளரா, ஆசிரியரா? ஆவணம் முடிவு சொல்லவில்லை. பயிற்சி என்று வரும்போது அவர் ஆசிரியர். சம்பளம் என்று வரும்போது அவர் பணியாளர். 1.7 இல் சம்பளம் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை.

அதே ஆவணத்தின் 5ஆம் அத்தியாயம் ஆசிரியர்களைப் பற்றியது. அதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு வருட பி.எட். படிக்க வரும் மாணவர்களுக்கு நாடு முழுக்க உதவித்தொகைகள் என்கிறது. பதவி உயர்வுக்கும் ஊதியத்துக்கும் பல படிநிலைகள் என்கிறது. மழலை நிலையில் இருக்கும் ஆசிரியர் அங்கேயே இருந்தபடி சம்பளத்திலும் பதவியிலும் வளரலாம், அதற்காக மேல் வகுப்புக்கு மாற வேண்டியதில்லை என்று கூடச் சொல்கிறது. கற்பித்தல் தவிர்த்த நிர்வாக வேலைகளை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது, மதிய உணவு வேலை கூட குறைந்தபட்சம்தான் என்கிறது. இதெல்லாம் அங்கன்வாடி டீச்சருக்குப் பொருந்துமா? அவர் ஆசிரியர் என்றால் பொருந்தும். சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் பொருந்தாது.

நடைமுறையில் அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் சந்தேகம் இல்லை. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் ஆறு சேவைகள்: சத்துணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து-சுகாதாரக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை. ஆறில் ஒன்றுதான் கல்வி. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகள் கணக்கு, போஷன் டிராக்கர் செயலியில் பதிவு எல்லாம் அவர் வேலைதான். இதற்கு மத்திய அரசு தருவதன் பெயர் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அதை மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆக்கினார்கள். அதற்கு மேல் மாநிலங்கள் சேர்த்துத் தருகின்றன. தமிழ்நாட்டில் சிறப்பு காலமுறை ஊதியம் என்று ஒரு முறை இருக்கிறது. சட்டத்திலும் இதே இழுபறிதான். இவர்கள் வகிப்பது அரசுப் பதவி இல்லை என்று 2006 இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது.

இந்த நிலையில் இருக்கும் ஒருவரிடம் போய் 'படிங்க' என்று சொல்லும் எந்தத் திட்டத்தையும் இரண்டு கேள்வியால் சோதிக்கலாம். படிக்கும் நேரம் யாருடையது? சான்றிதழ் வாங்கிய மறுநாள் என்ன மாறும்?

ஐடியில் ஒரு கிளவுட் சான்றிதழுக்குப் படிக்கிறேன் என்றால், பல கம்பெனிகளில் பரீட்சைக் கட்டணம் தருவார்கள், ஆபீஸ் நேரத்திலேயே படிக்கலாம், தேறினால் அப்ரைசலில் ஒரு வரி கூடும். இதை யாரும் சலுகையாக நினைப்பதில்லை. 1.7 ஆம் பத்தியோ, வேலைக்கு இடையூறு இல்லாமல் ஸ்மார்ட்போனில் படிக்கலாம் என்கிறது. அப்படின்னா எப்போது? மையத்தில் குழந்தைகள் இருக்கும்போது முடியாது. மையம் மூடியபிறகு வீட்டில், சமையலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில். நேரம் அவருடையது. மாதாந்திர வகுப்புக்குப் போகும் நாளில் மையத்தைப் பார்ப்பது யார்? டீச்சரும் உதவியாளரும் மட்டுமே இருக்கும் இடத்தில் உதவியாளர்தான் தனியாகச் சமாளிக்க வேண்டும். மறுநாள் என்ன மாறும் என்ற கேள்விக்குப் பத்தியில் பதிலே இல்லை.

இந்த இரண்டு கேள்விக்கும் முப்பது வருடத்துக்கு முன்பே எழுத்தில் பதில் சொன்ன ஒரு திட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1990 இல் ஆரம்பித்த 'டீச்'. அதற்கு முந்தைய வருடம், அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் 227 குழந்தை காப்பகங்களை ஆராய்ந்த ஓர் அறிக்கை வந்திருந்தது. ஒரே வருடத்தில் பணியாளர்களில் 41 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போகிறார்கள், காப்பகத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஊதியம் என்றது அந்த அறிக்கை. சூ ரஸ்ஸல் என்பவர் முன்னெடுத்த 'டீச்' திட்டம் உதவித்தொகையை ஓர் ஒப்பந்தமாக எழுதியது. கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதியை உதவித்தொகை ஏற்கும். மீதியில் ஒரு பங்கு காப்பகம், ஒரு பங்கு ஆசிரியர். படிக்க வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு ஆகும் செலவில் காப்பகத்துக்கு ஈடு. ஒப்பந்தத்தில் சொன்ன பாடங்களை முடித்தால் சம்பள உயர்வு அல்லது போனஸ் கட்டாயம். பதிலுக்கு ஆசிரியர் அதே இடத்தில் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும்.

சம்பள உயர்வைப் பரிசாக வைக்காமல், படிப்பு ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தாகவே வைத்ததுதான் இதில் முக்கியம். அது இல்லாமல் படிக்க வைத்தால் என்ன நடக்கும் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. படித்தவர் அதிகம் சம்பளம் தரும் பள்ளிக்குப் போவார், காப்பகம் மறுபடி ஆள் தேடும்.

டீச் திட்டத்தையும் கொண்டாட வேண்டியதில்லை. ஒரு ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் உயர்வு சின்னதுதான். அது போதவில்லை என்பதற்கு அந்த மாநிலமே சாட்சி: 1994 இல் 'வேஜஸ்' என்று இன்னொரு திட்டம் கொண்டுவந்து, படிப்புக்கு ஏற்ப, அதே இடத்தில் நீடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டி வந்தது. இன்றும் அமெரிக்காவில் குறைந்த ஊதியம் பெறும் தொழில்களில் குழந்தை பராமரிப்பும் ஒன்று. உதவித்தொகை அடிப்படைச் சம்பளத்துக்கு மாற்று ஆகாது.

நம்ம ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி ஆரம்பித்தார்கள். அதற்கு இடைநிலை ஆசிரியர்களை மாற்றினார்கள். அவர்கள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள். அந்த மாற்றத்தைப் பதவி இறக்கமாகப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது கீழான வேலை என்று நம்முடைய சம்பளப் பட்டியல்தான் பல வருடமாகச் சொல்லி வருகிறது. பிறகு அந்த வகுப்புகளுக்குத் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வட கரோலினாவில் முதலில் 21 பேர்தான். இந்தியாவில் அங்கன்வாடி மையங்கள் 13 லட்சத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் விடுப்பு, உயர்வு என்றால் பணத்துக்கு எங்கே போவது? எல்லோருக்கும் ஒரே வருடத்தில் செய்ய முடியாதுதான். ஆனால் பயிற்சிக்கு மட்டும் இந்த எண்ணிக்கை தடையாக இருக்கவில்லை. 2023 இல் தொடங்கிய 'போஷன் பி படாய் பி' திட்டத்தில் நாடு முழுக்க இவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று ஏற்பாடு செய்தார்கள். பயிற்சிக்குக் கிடைத்த வழி சம்பளத்துக்கும் படிப்படியாகக் கிடைக்கும். மேலே ஏறும் பாதையும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. மேற்பார்வையாளர் பணியிடங்களில் பாதியை அனுபவமுள்ள அங்கன்வாடி டீச்சர்களுக்கும், டீச்சர் பணியிடங்களில் பாதியை உதவியாளர்களுக்கும் பதவி உயர்வாகத் தர வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் மேற்பார்வையாளர் ஆவது என்றால் வகுப்பறையை விட்டுப் போவது. நல்ல டீச்சர் டீச்சராகவே வளர வழி இல்லை.

என்னைக் கேட்டால் 1.7 க்கு மூன்று வாக்கியம் சேர்க்கலாம். ஒன்று, பயிற்சி நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படும், அந்த நேரத்தில் மையத்துக்கு மாற்று ஆள் வருவார். இரண்டு, சான்றிதழோ டிப்ளமோவோ முடித்த அடுத்த மாதத்திலிருந்து நிலையான ஊதிய உயர்வு உண்டு. மூன்று, படிப்பை முடித்தவருக்கு 5ஆம் அத்தியாயம் ஆசிரியருக்குச் சொல்வதெல்லாம் பொருந்தும்.

மூன்றாவதை எழுதிவிட்டால் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிடலாம். 'ஆசிரியர்' என்று மட்டும் எழுதினால் போதும். குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஏற்கெனவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.