பந்தலுக்குக் கீழே பிடித்த பைத்தியம்

பழவேற்காட்டுக்காரனுக்குத் திராட்சையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் எங்கள் மகிமை மாதா கோயிலை மறந்துவிடுகிறார்கள். 1515-ல் போர்த்துக்கீசியர் தொடங்கிவைத்த கோயில். உப்புக்காற்றும் பனைமரமுமாக இருக்கும் ஊரில் திராட்சையை நான் பயிராகப் பார்த்ததே இல்லை. ஆனால் திராட்சை ரசம் இல்லாமல் பூசை ஏது? என் கல்யாணப் பூசையில் அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு எனக்கும் கிடைத்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் என்னைக் கம்பம் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டது.

அடடா, அந்தப் பந்தல்! சுருளிப்பட்டிப் பக்கம் என் சகலைக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால், வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே பச்சை நிழலாக மாறிவிடுகிறது. தலையில் இடிக்கிற உயரத்தில் கறுங்குலைகள். ஒரு பழத்தை வாயில் போட்டுக் கடித்தேன். மெல்லிய தோல் பட்டென்று வெடித்தது, ரோஜா வாசம் மூக்கு வரை ஏறியது. கொட்டை இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகலாம்.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த ரகம் என்கிறார்கள். உலகம் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஐரோப்பாவில் கொடி வருஷத்துக்கு ஒருமுறைதான் காய்க்கும். இங்கே கவாத்து செய்யும் நாளை மாற்றி மாற்றி வைத்து, பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்கேயாவது அறுவடை நடக்கும்படி செய்துவிடுகிறார்கள். குளிர்கால உறக்கமே இல்லாத கொடி!

இதில் இயற்கை விவசாயம் என்பது சும்மா இல்லை. மழை பிடித்தால் செவட்டை நோய் இலையில் ஏறிவிடும். சகலை நம்புவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை. அதையும் அளந்துதான் அடிப்பார், செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால். மற்றபடி வேப்பம் புண்ணாக்கு, தொழு உரம், பஞ்சகவ்யா. "சகல, கொடிக்குக் காத்து போற வழிய விட்டாப் போதும். பாதி மருந்து நம்ம பயத்துக்கு அடிக்கிறதுதான்" என்றார். கவாத்துக் கத்தரியோடு அவர் காற்றுக்கு வழி விடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பூசைக்கான ரசம் செய்ய உரிமம் வைத்திருக்கும் ஒரு கூடத்தையும் பார்த்தேன். அங்கேதான் சொக்கிப்போனேன். பழத்தை நசுக்கித் தோலோடு தொட்டியில் விடுகிறார்கள். சர்க்கரையும் இல்லை, பாக்கெட் ஈஸ்ட்டும் இல்லை. பழத்தின் மேல் தெரியும் வெண்பூச்சு வெறும் மெழுகு. அதில் ஒட்டிவந்த ஈஸ்ட்டும் கூடத்திலேயே குடியிருக்கும் ஈஸ்ட்டும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. தொட்டிக்குள் கொதி வந்ததுபோல் சத்தம்! மேலே மிதந்து வரும் தோலை அடிக்கடி அமுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுக் காடியாகிவிடும். நம் வெக்கையில் நொதித்தல் தறிகெட்டு ஓடும் என்பதால் குளுமையைக் காப்பதுதான் பெரும்பாடு.

பிரான்சின் பொஜொலே பகுதியில் ஜூல் ஷோவே என்ற வேதியியல் அறிஞர் இதே வழியைத்தான் போன நூற்றாண்டில் வாதாடி நிலைநாட்டினார். இன்று பாரிஸில் 'இயற்கை ஒயின்' என்று அதற்கு அவ்வளவு மவுசு. ரசம் இயற்கையானதாக, திராட்சைக் கனியிலிருந்து வந்ததாக, கெடாததாக இருக்க வேண்டும் என்று 1983-ன் திருச்சபைச் சட்டம் 924-ஆம் விதியில் சொல்லிவிட்டது. ஃபேஷன்காரர்கள் கொஞ்சம் தாமதம்!

ருசி பார்க்க ஒரு கரண்டி கொடுத்தார்கள். முதலில் ரோஜா, பின்னால் நாவல்பழத் துவர்ப்பு, கடைசியில் நாக்கைச் சுண்டும் புளிப்பு. எங்கள் பழவேற்காட்டு ஏரி நண்டை மிளகு போட்டு வறுத்து இதோடு வைத்தால் எப்படி இருக்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டேன். சாமிக்கென்று செய்ததைச் சாப்பாட்டு மேசையில் வைக்க முடியாதாம். மகாராஷ்டிரம் 2001-லேயே திராட்சை ஒயினுக்கென்று ஒரு கொள்கை வகுத்தது. இங்கேயும் ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு ஒரு சின்ன உரிமம் கொடுத்துப் பார்க்கட்டும். நண்டை நான் கொண்டுவருகிறேன்.