பானை இல்லாத தரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேலைப் பல்கலைக்கழகங்களில் இந்திய மெய்யியல் என்றால் பெரும்பாலும் வேதாந்தம்தான். ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்பால்டிங் பேராசிரியர் இருக்கையில் 1936இல் முதலில் அமர்ந்த ராதாகிருஷ்ணனின் நூல்களும் அந்த எண்ணத்துக்கு உரமிட்டன. எழுபதுகளின் பிற்பாதியில் அதே இருக்கைக்கு வந்த பிமல் கிருஷ்ண மதிலால் கொண்டுவந்தது வேறு சரக்கு: தர்க்கம்.

1935இல் வங்காளத்து ஜெயநகரில் பிறந்தவர். கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபடியே பண்டிதர்களிடம் நியாயத் தர்க்க மரபின் பிற்கால வடிவமான நவ்விய நியாயம் பயின்று ‘தர்க்கதீர்த்த’ பட்டம் பெற்றார். பிறகு ஹார்வர்டு. அங்கே சமஸ்கிருத அறிஞர் இங்கால்ஸின் வழிகாட்டலில் 1965இல் முனைவரானார்; தர்க்க மெய்யியலாளர் குவைனின் வகுப்புகளிலும் உட்கார்ந்தார். இந்த இரட்டைப் பயிற்சிதான் அவருடைய முதல்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ‘இன்மை’. தரையில் பானை இல்லை என்கிறோம். எதைப் பார்த்துச் சொல்கிறோம்? தரையை மட்டுமா, பானையின் இன்மையையுமா? இன்மையும் ஒரு பொருளே, அதையும் கண்ணால் அறியலாம் என்பது நியாய மரபினரான நையாயிகர் கட்சி. ஆனால் வெறும் இன்மை என்று ஒன்று கிடையாது. எதனுடைய இன்மை, எந்த இடத்தில், எந்தத் தன்மையால் வரையறுக்கப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். நீலப் பானை இல்லாத தரையில் சிவப்புப் பானை இருக்கலாமே! மிதிலையில் 14ஆம் நூற்றாண்டில் கங்கேசர் செம்மைப்படுத்திய இந்த நுணுக்கமான மொழியை, மேலைத் தர்க்கவியலாளர்களான ஃப்ரேகே, ரஸ்ஸல் ஆகியோரைப் படித்தவர்களுக்கும் புரியும்படி விளக்கியது 1968இல் வெளிவந்த மதிலாலின் நூல். படிக்கக் கடினம்; என் கணக்கில் அவர் எழுதியவற்றில் இதுவே உறுதியானது.

டொராண்டோவில் இருந்தபோது அவர் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் ஃபிலாசஃபி’ இத்துறைக்கு ஒரு களமாயிற்று. காட்சி பற்றிய 1986ஆம் ஆண்டு நூல் அதிகம் பேசப்படுவது. நாகார்ஜுனரின் ஐயவாதத்தையும் திங்நாகர் வழிப் பௌத்தர்களையும் எதிரில் நிறுத்தி, நாம் காண்பது வெளியுலகையே என்று நியாயத்தின் பக்கம் நின்று அதில் வாதாடுகிறார். எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் முழு வலுவோடு எடுத்துரைக்கும் பண்டித மரபு அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. மகாபாரதத்தின் அறச்சிக்கல்கள் பற்றிய கட்டுரைகள் இன்னொரு கிளை. சுவையானவை, ஆனால் அந்த ஆழம் அவற்றில் இல்லை.

அவர்மேல் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு: கங்கேசரை மேலை அளவைகொண்டு அளந்தார் என்று. பாதி உண்மை. மேலைச் சிந்தனையை இந்திய அளவையால் அளந்தால் என்ன என்று கேள்வியைத் திருப்பிப் போட்டவர் இந்திய மெய்யியலாளர் தயா கிருஷ்ணா. 1983இல் புனேயில் ரஸ்ஸலின் கொள்கையைப் பண்டிதர்கள் முன் வைத்து, அவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்த முயற்சியில் அவர் பங்கு பெரிது. எனக்கு அது கூடுதலாகப் பிடிக்கிறது. ஆயினும் அந்த வழியில் தொடர்ந்து நடந்தவர்கள் சிலரே. 1991இல் மதிலால் மறைந்தபின், இந்தியத் தர்க்கம் பற்றிய அவருடைய கடைசி நூலை 1998இல் பதிப்பித்தவர்களில் ஒருவரான ஜோனார்டன் கனேரி முதலியோர் அவர் வழியையே விரித்தெழுதி வருகிறார்கள்.